கடல் அட்டை: ஒரே கடலில் இரண்டு சட்டங்கள்

கடல் அட்டை என்பது நட்சத்திர மீனைப் போலவே முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த உயிரினமாகும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருள்களைச் செரித்து, எஞ்சிய மணலை வெளியேற்றி வாழ்கிறது. வயலுக்கு மண்புழு செய்யும் வேலையைக் கடலடிக்கு இது செய்கிறது.

தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் பொதுவாக இதை யாரும் உண்பதில்லை. வேகவைத்து உலர்த்திய அட்டைக்குச் சீனாவிலும் ஹாங்காங்கிலும் நல்ல விலை கிடைப்பதால் பல தலைமுறைகளாக மீனவர்கள் மூழ்கி எடுத்து வந்தனர். ஆழமற்ற நீரில் மெதுவாக ஊர்ந்து செல்லும் இதைப் பிடிப்பது எளிது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் கலந்துவிடுவதால்தான் கரு உண்டாகிறது. ஆகவே எண்ணிக்கை குறைந்து ஒன்றுக்கொன்று தொலைவாகிவிட்டால், எஞ்சியவை உயிரோடு இருந்தும் இனம் பெருகுவதில்லை. பாக்கு நீரிணைப் பகுதியில் அதிகம் தேடப்படும் வெள்ளை அட்டை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையில் உள்ள இனமாக இடம்பெற்றுள்ளது.

இந்தியா 1982-இல் 7.5 செ.மீ.க்குக் குறைவான அட்டைகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2001-இல் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இது. வலையில் தற்செயலாகச் சிக்கிய அட்டையைக் கரைக்குக் கொண்டுவந்தாலும் குற்றமே. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் மூழ்கிப் பிழைத்த குடும்பங்கள் ஒரே அறிவிப்பில் தொழிலை இழந்தன.

இலங்கையில் இது வனவிலங்குத் துறையின் பொருளாகப் பார்க்கப்படவில்லை, கடற்றொழிலாகவே பார்க்கப்படுகிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்கள் மூழ்கிப் பிடிக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். வட மாகாணத்தில் அட்டைப் பண்ணைகளும் பெருகியுள்ளன. வடக்கு, கிழக்கு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பண்ணை அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வலையடைப்புகள் படகுப் பாதையையும் மீன்கள் வந்துபோகும் வழியையும் மறிக்கின்றன என்று யாழ்ப்பாண மீனவர்களில் ஒரு பகுதியினர் எதிர்க்கின்றனர்.

பண்ணைத் தொழிலுக்கு அடிப்படையான குஞ்சு உற்பத்தி நுட்பத்தில் வெள்ளை அட்டையைப் பொறுத்தவரை முதல் வெற்றி 1988-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான் கிடைத்தது. அந்த நுட்பம் இன்று வணிகமாக வளர்ந்திருப்பது வியட்நாம், மடகாஸ்கர் போன்ற பிற நாடுகளில். கண்டுபிடித்த நாட்டில் அதைத் தொழிலாகச் செய்யச் சட்டம் இடந்தரவில்லை.

இழுவை மடி விஷயத்தில் இரு நாடுகளின் நிலை தலைகீழாக உள்ளது. கடலடியை வாரி இழுக்கும் இந்த வலையை இலங்கை 2017-இல் சட்டத் திருத்தம் மூலம் தடை செய்தது. தமிழகத்தில் ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலமும் கரையோரக் கட்டுப்பாடும் உண்டே தவிர முழுத் தடை இல்லை. ஒரு நாடு உயிரினத்தைக் காத்துவிட்டு அதன் வாழிடத்தை விட்டுவிடுகிறது. மற்றது வாழிடத்தைக் காத்து உயிரினத்தை விற்கிறது.

1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை அட்டையின் இளம்புழுக்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மிதந்துவிட்டு, நீரோட்டம் கொண்டுசேர்த்த இடத்தில் அவை தங்கும். கடத்தல்காரர்களுக்கோ எல்லை நன்றாகவே தெரியும். இந்தியக் கரையில் விற்க முடியாத சரக்கு, மறுகரை சேர்ந்துவிட்டால் உரிமம் பெற்ற சரக்கோடு கலந்துவிடும். உலர்ந்த அட்டையைப் பார்த்து அது எந்தக் கரையில் எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. இராமேசுவரம், மண்டபம் கரைகளில் மூட்டை மூட்டையாக அட்டை பிடிபடும் செய்திகள் இன்றும் அடிக்கடி வருகின்றன.