மாட்டுக்கு டானிக் வாங்கலாமா?

வெயில் ஏறத் தொடங்கியதும் மாடு வைத்திருப்பவர்கள் வாயில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "மாடு இளைச்சாப்புல இருக்கு, ஒரு வைட்டமின் டானிக் வாங்கி ஊத்தட்டுமா?" டீயைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், விலாவாரியாகச் சொல்கிறேன். அந்தப் பாட்டிலில் அச்சடித்திருக்கிற பெயர்களில் பெரும்பாலானவற்றை நல்ல மாடு தானே உண்டாக்கிக்கொள்ளும்.

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை. நல்ல உருவமான கலப்பின மாட்டுக்கு அதில் 100 லிட்டர்கூடக் கொள்ளும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து வைக்கோலை நொதிக்க வைக்கின்றன. அந்த வேலையோடு வேலையாக பி வகை வைட்டமின்களையும் வைட்டமின் கே-யையும் செய்து கொடுத்துவிடுகின்றன. சி-யைக் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால்தான் நெல்லிக்காயைத் தேடுகிறோம். டி-க்கு வெயிலில் மேய்ந்தால் போதும். வெயிலுக்கு நம்மூரில் என்ன பஞ்சம்?

பி12 விஷயத்தில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் செய்ய நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் என்கிற உலோகம் துளியளவு வேண்டும். ஆஸ்திரேலியாவின் சில கடலோரப் பகுதிகளில் பச்சைப் புல்லுக்கு நடுவிலேயே ஆடுகள் மெலிந்து செத்தன. மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று 1930-களில் கண்டுபிடித்தார்கள். தாது உப்புக் கலவையை நான் வீண்செலவு என்று சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சம் இருப்பவை ஏ-யும் ஈ-யும். இவற்றை மாட்டால் செய்துகொள்ள முடியாது, தீவனத்தில்தான் வர வேண்டும். அதிலும் ஏ-தான் முக்கியம்.

இது தெரியவந்த கதையே மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியது. 1907-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 16 கிடேரிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளம் மட்டும், அடுத்ததற்குக் கோதுமை மட்டும், மூன்றாவதற்கு ஓட்ஸ் மட்டும். தானியம், தட்டை எல்லாமே அந்தந்தப் பயிரிலிருந்துதான். நான்காவதற்கு மூன்றும் கலந்து. புரதம், மாவுச்சத்து என்று அன்றைக்குத் தெரிந்த கணக்கில் நான்கு தீவனமும் சமம். ஆனால் மக்காச்சோளம் தின்றவை மினுமினுவென்று வளர்ந்து திடமான கன்று ஈன்றன. கோதுமை தின்றவை சொரசொரத்துப் போயின, சிலவற்றுக்குப் பார்வை போனது, கன்றுகள் செத்துப் பிறந்தன அல்லது பிறந்து செத்தன. நான்கு வருஷம் நடந்த சோதனை இது. ஆய்வுக்கூடக் கணக்குக்குப் பிடிபடாமல் ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்கிறது என்பது அதில் தெளிவாகிவிட்டது. அந்தக் குழுவில் இருந்த மெக்காலம், மாடு வைத்துத் தேடினால் ஆயுள் போதாது என்று எலிகளுக்கு மாறினார். 1913-ல் அவரும் மார்கரீட் டேவிஸும் வெண்ணெய்க் கொழுப்பில் கண்டுபிடித்ததைத்தான் இன்று வைட்டமின் ஏ என்கிறோம்.

பச்சைத் தீவனத்தில் இருக்கும் கரோட்டினை மாட்டின் உடம்பு ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. வெயிலில் காய்ந்து மாசக்கணக்கில் போரில் கிடந்த வைக்கோலில் கரோட்டின் அநேகமாக இருக்காது. மாட்டுக்குக் கரோட்டினை முழுசாக மாற்றத் தெரியாது. மாறாதது பாலில் இறங்குவதால்தான் பசு நெய் மஞ்சளாக இருக்கிறது. எருமை அநேகமாக எல்லாவற்றையும் ஏ-யாக மாற்றிவிடும். ஏ-க்கு நிறமில்லை, அதனால் எருமை நெய் வெள்ளை. வெள்ளையாக இருப்பதால் சத்துக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏ கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். பச்சை கிடைக்காத கோடையில் மாடு சில மாதம் அதை வைத்து ஓட்டும். சினைமாடு என்றால்தான் சிக்கல். சேமிப்பு தீர்ந்த மாடு ஈனும்போது கன்று நோஞ்சானாகப் பிறக்கலாம், பார்வையில்லாமலும் பிறக்கலாம், நஞ்சுக்கொடி விழாமல் தங்கலாம். தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு ஏ அதிகம் போய்ச் சேராது. பிறந்த பிறகு சீம்பாலில்தான் மொத்தமாகக் கிடைக்கிறது. அந்த அடர்மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. வீட்டாருக்குச் சீம்பால் காய்ச்சுவது இருக்கட்டும், கன்று முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் வயிறாரக் குடிக்க வேண்டும். பகலில் நன்றாகத் துள்ளுகிற கன்று அந்தி மங்கியதும் தண்ணித்தொட்டியில் போய் முட்டுகிறதா என்று கவனியுங்கள். முட்டினால் அது மாலைக்கண்.

டானிக்குக்குச் செலவழிக்கிற காசில் வேலியோரம் நாலு அகத்தி, ஒரு பாத்தி வேலிமசால் போட்டுவிடலாம். பச்சைக்கு வழியே இல்லை, மாடு நிறைசினை என்றால் டாக்டர் ஏ ஊசி போடுவார். அளவை அவர் சொல்லட்டும். உடம்பில் தங்குகிற வைட்டமின் என்பதால் மிஞ்சினால் அதுவும் கெடுதல்தான்.

கோழி வேறு கதை. அதற்கு ஊறல் பானை கிடையாது. நாமக்கல் பண்ணைக் கூண்டில் நிற்கிற முட்டைக்கோழிக்குப் புல்லும் இல்லை, நேர் வெயிலும் இல்லை. சி தவிர மற்ற எல்லா வைட்டமினும் தீவனக் கலவையில் வந்தே ஆக வேண்டும். பி2 குறைந்தால் குஞ்சின் கால்விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும், நடக்க முடியாமல் கணுக்காலால் ஊன்றி நகரும். பி1 குறைந்தால் தலை பின்னுக்கு மடங்கி வானத்தைப் பார்த்தபடி இருக்கும்.

மாட்டுக்கும் பி தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையோ மாட்டுப் பொங்கலன்று அண்டா நிறையப் பொங்கலையோ ஆசையாகக் கொட்டிவிடுகிறோம். அது வயிற்றில் புளித்து அமிலமாகும். நுண்ணுயிர்கள் சாகும், அசைபோடுவது நிற்கும், பி உற்பத்தியும் படுத்துவிடும். நாலு நாள் தீனி எடுக்காத மாட்டுக்கும் இதே நிலைதான். அப்போது டாக்டர் பி காம்ப்ளெக்ஸை ஊசியாகவே போடுவார். வாய்வழி ஊற்றினால் அதில் பெரும்பகுதி வயிற்றிலேயே அழிந்துவிடும்.