ஓய்வெடுத்தபடியே உழைக்கும் உறுப்பு

மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை மெல்லப் பதித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்றே விரைகிறது, விடும்போது நிதானிக்கிறது. இளவயதினரிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்தத் தாளத்தைப் போடுவது யார்? இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு கிராமத்து வீட்டில், ஆர்தர் கீத் என்ற உடற்கூறியல் அறிஞரும் மார்ட்டின் ஃப்ளாக் என்ற மாணவரும் அதைக் கண்டுபிடித்து 1907-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது அகழெலியின் குட்டி இதயம். வலது மேலறைச் சுவரில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னத் தசை முடிச்சு. மின்துடிப்பு பிறப்பது அங்கேதான். கருவின் நான்காம் வாரத்திலேயே, நரம்புகள் வந்து எட்டும் முன்பே, இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. படைத்தவன் கை தொட்டு ஓட்டிவிட்டான் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

இதைவிடவும் வியப்பு இதயத்தின் ஓய்வு. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்கி உழைப்பது சுமார் 0.3 விநாடி, மீதி 0.5 விநாடி இளைப்பாறல். கூட்டிப் பாருங்கள்: நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை, பதினைந்து மணி நேர ஓய்வு! ஆயுள் முழுக்க விடுப்பே எடுக்காத உறுப்பு என்று நாம் நினைப்பது, தன் ஓய்வை இப்படிப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அதன் செல்கள் மறுபடி மின்னூட்டம் பெற்றாக வேண்டும். அது முடியும் முன் தவறான நொடியில் ஒரு துடிப்பு குறுக்கிட்டால் தாளமே குலையலாம்.

'எனர்ஜி டிரிங்க்' கை வைப்பது இந்த இடத்தில்தான். சாதாரண 250 மில்லி டின்னில் சுமார் 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும். 'களைத்துவிட்டாய்' என்று மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் இருக்கையில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போவதில்லை, தெரியாமல் போகிறது. அவ்வளவுதான் அந்தச் 'சக்தி'.

2019-இல் அமெரிக்க ஆய்வொன்றில், 18 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 34 பேர் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்க் குடித்தார்கள். நான்கு மணி நேரம் கழித்தும், வெறும் சுவையூட்டிய பானம் குடித்தபோது இருந்ததைவிட, ஈ.சி.ஜி.யில் மின்னூட்ட நேரம் 6 முதல் 8 மில்லிவிநாடி வரை நீண்டிருந்தது. இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. காஃபினை மட்டும் ஆய்வாளர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. டாரின் முதலிய மற்ற சேர்க்கைகளின் மேலும் அவர்களுக்குச் சந்தேகம். ஆரோக்கியமான இதயம் இந்தச் சின்ன நீட்சியைப் பொறுத்துக்கொள்ளும். பிறவியிலேயே மின்னூட்டம் தாமதிக்கும் இதயங்களும் உண்டு. தேர்வுக்குக் கண்விழித்து அடுத்தடுத்து இரண்டு டின் குடிக்கும் பிள்ளைக்கு, தன் இதயம் அந்த வகை என்பது தெரியாமலே இருக்கலாம்.

குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ, ஓடும்போது உங்களுக்கு மயக்கம் வந்திருந்தாலோ, அந்த டின்னைத் திறக்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.