பாதி ஹீமோகுளோபின்

"மாமா, சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள் அக்கா மகள். பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு. மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமாலில் 1எச்எச்ஓ என்ற கோப்பைத் திறந்திருக்கிறாள். ஆக்சிஜன் ஏறிய மனித ஹீமோகுளோபின். பாடப் புத்தகத்தில் நான்கு சங்கிலிகள், திரையில் இரண்டே இரண்டு. இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் பார்த்தாயிற்றாம்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு, முதலில் எண்ணச் சொன்னேன். ஆல்பா சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. கோப்பில் இருப்பது 287. ஆல்பாவும் பீட்டாவும் தலா இரண்டு என்றால் 574 வர வேண்டும். சரிபாதி! சாஃப்ட்வேர் எதையும் தொலைக்கவில்லை, கோப்பிலேயே அவ்வளவுதான். படத்தில் ஏதாவது குறைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கோப்பைத்தான்.

ஏன் பாதி? ப்ளவுஸ் தைக்கிற டெய்லர் காகிதத்தில் பாதி முதுகைத்தான் வரைந்துகொள்வார். துணியை மடித்து, மடிப்போரம் காகிதத்தை வைத்து வெட்டினால் முழு முதுகும் வந்துவிடும். இந்த வடிவத்தைக் கண்டறிய வளர்த்த படிகத்திலும் ஒரு துண்டே திரும்பத் திரும்ப வந்து எல்லா இடத்தையும் நிரப்புகிறது. அந்த ஒரு துண்டின் அணுக்களை எழுதிவைத்தால் போதும் என்று ஆய்வாளர்கள் விட்டுவிடுகிறார்கள். இந்தப் படிகத்தில் அந்தத் துண்டு அரை ஹீமோகுளோபின். ஓர் அச்சைச் சுற்றி 180 பாகை திருப்பினால் மறுபாதி. (டெய்லர் உவமை இங்கே கொஞ்சம் கிழிகிறது. மடித்து வெட்டினால் வருவது கண்ணாடிப் பிம்பம். புரதத்துக்கு அது ஆகாது, இடக்கை அமினோ அமிலமெல்லாம் வலக்கை ஆகிவிடும்.)

எப்படித் திருப்புவது என்ற கணக்கும் கோப்பிலேயே, ரிமார்க் 350 என்ற வரிகளில் இருக்கிறது. பைமாலில் ஃபெட்ச் கட்டளையோடு 'டைப்=பிடிபி1' சேர்த்தால் முழு மூலக்கூறும் இறங்கும். இறங்கியும் திரையில் பாதிதான் தெரியும். பலர் இரண்டாம் முறை ஏமாறுவது இங்கேதான். இரண்டு பாதிகளும் இரண்டு 'ஸ்டேட்'களாக, புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி அடுக்கியிருக்க, நமக்குக் காட்டுவது முதல் பக்கத்தை மட்டும். 'செட் ஆல்_ஸ்டேட்ஸ், ஆன்' என்று அடித்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். பைமாலுக்குப் பதில் கைமெராஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'சிம் #1 அசெம்ப்ளி 1' போதும்.

பாதியை வைத்தே படித்துவிட்டால் என்ன? ஆக்சிஜன் ஏறும்போது ஓர் ஆல்பா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியைப் பொறுத்துச் சுமார் 15 பாகை திரும்புகிறது. ஜோடிக்குள் பெரிய மாற்றமில்லை. விஷயமெல்லாம் ஜோடியும் ஜோடியும் தொடுகிற இடத்தில். அவள் திரையில் இல்லாமல் போனதும் அந்த இடம்தான்.

நான்கு சங்கிலிகளும் வந்தன. டீ ஆறிப்போயிருந்தது.

"அப்போ 4எச்எச்பி திறந்தப்ப மட்டும் நாலும் தானா வந்துச்சே?"

அது ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின். அதன் படிகம் வேறு மாதிரி அடுக்கு. அங்கே திரும்பத் திரும்ப வருகிற துண்டே முழு மூலக்கூறு.