நீர்த்தடுப்புத் திறன்பேசி உத்தரவாதப் பிணக்குகள்

நீர்த்தடுப்புத் திறன்பேசி உத்தரவாதப் பிணக்குகள் என்பன, நீரைத் தாங்கும் என விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட திறன்பேசி நீர் பட்டுப் பழுதடையும்போது, அதனை இலவசமாகச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ உற்பத்தியாளர் மறுப்பதால் எழும் முறையீடுகளும் வழக்குகளும் ஆகும். விளம்பரம் நீர்த்தடுப்பைச் சிறப்பியல்பாகக் காட்டுகிறது. உத்தரவாதமோ பெரும்பாலும் நீரால் நேரும் சேதத்தை விலக்கி வைக்கிறது. இந்த இடைவெளியே பிணக்குகளின் அடிப்படைக் காரணம். இந்தியாவில் இவை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படுகின்றன.

ஐபி தரக்குறியீடு

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60529 என்னும் தரம் ஐபி குறியீட்டை வரையறுக்கிறது. இதன் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் நீரையும் தடுக்கும் அளவைக் குறிக்கும். ஐபி67 பெற்ற கருவி 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் தாங்க வேண்டும். ஐபி68இன் ஆழத்தையும் நேரத்தையும், ஐபி67ஐ விடக் கடுமையாக இருக்கும்படி, உற்பத்தியாளரே குறிப்பிடுகிறார். எனவே ஒரே குறியீட்டைப் பெற்ற ஐபோன் எக்ஸ்எஸ் 2 மீட்டர் ஆழத்திற்கும் ஐபோன் 12 ஆனது 6 மீட்டர் ஆழத்திற்கும் மதிப்பிடப்பட்டன.

இச்சோதனை ஆய்வகத்தில், அசையாத நன்னீரில், புதிய மாதிரிக் கருவிகளைக் கொண்டு நடத்தப்படுகிறது. கடல் நீர், நீச்சல்குளத்தின் குளோரின், சோப்பு நீர், அலையின் விசை ஆகியவை இதில் அடங்கா. கருவியின் இணைப்புகளை அடைக்கும் பசையும் ரப்பர் வளையங்களும் நாளடைவில் தளரும். கீழே விழுந்தாலும், திரையோ மின்கலமோ மாற்றப்பட்டாலும் அவை பலவீனமடையலாம்.

நீர் காட்டும் ஒட்டுத்தாள்

பல திறன்பேசிகளின் உள்ளே, நீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறு ஒட்டுத்தாள் வைக்கப்படுகிறது. சேவை மையங்கள் உத்தரவாதத்தை மறுக்க இதனைச் சான்றாகக் கொள்வதுண்டு. ஆனால் நீர் உள்ளே புகுந்தது என்பதை மட்டுமே இது காட்டும். பயனர் தவறினால் புகுந்ததா, தயாரிப்புக் குறையினால் புகுந்ததா என்பதைக் காட்டாது. நீர்த்தடுப்பு இல்லாத தொடக்ககால ஐபோன்களில் இத்தாளை மட்டும் நம்பி உத்தரவாதம் மறுக்கப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட அமெரிக்க வழக்கில், ஆப்பிள் நிறுவனம் 2013இல் 5.3 கோடி டாலர் தர இணங்கியது.

பிற நாடுகளில்

இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. நீர்த்தடுப்பு ஆய்வகச் சூழலில் மட்டுமே பொருந்தும் என்பதை விளம்பரம் தெளிவாக்கவில்லை என்பதும், நீர்ச் சேதத்திற்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது என்பதும் அதன் காரணங்கள்.

ஆத்திரேலியாவில் சாம்சங் கேலக்சி வகைகள் ஏழு கடலிலும் நீச்சல்குளத்திலும் பயன்படுத்தத் தக்கவை என விளம்பரப்படுத்தப்பட்டன. அவ்வாறு நனைந்தபின், காயுமுன் மின்னேற்றினால் மின்னேற்றத் துளை அரிக்கக்கூடும் என்பதை விளம்பரங்கள் கூறவில்லை. 2022 சூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் சாம்சங்கின் ஆத்திரேலியக் கிளைக்கு 1.4 கோடி ஆத்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

மாறாக, அதே ஆண்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஆப்பிளுக்கு எதிரான வழக்கொன்றைத் தள்ளுபடி செய்தது. விளம்பரம் தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்றாலும், தங்கள் கருவிகள் எவ்வாறு நனைந்து பழுதாயின என்பதை வழக்காடியோர் போதுமான அளவு காட்டவில்லை. விளம்பரத்தின் குறையை மட்டுமன்றி, பழுது நேர்ந்த விதத்தையும் காட்ட வேண்டியுள்ளது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியச் சட்டம்

2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய மூன்றையும் வரையறுக்கிறது. குறைபாட்டை உரிய சோதனையின்றி முடிவு செய்ய இயலாத நிலையில், ஆணையம் கருவியைத் தக்க ஆய்வகத்திற்கு அனுப்பலாம். வழக்கிற்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய விலை 5 இலட்சம் உரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றி நுகர்வோர் தாமே வாதிடலாம்.

புதுச்சேரியும் கோரிமேடும்

புதுச்சேரி கடலோர நகரம். கடற்கரையில் நனையும் கருவி உப்பு நீரைச் சந்திக்கிறது. இது தரச்சோதனைக்கு அப்பாற்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் கடுமையானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இப்பகுதியில் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது.

திண்டிவனம் சாலையில் ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள கோரிமேடு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதியாகும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பினரின் இருப்பிடமோ வழக்கிற்கான காரணம் எழுந்த இடமோ முறையிடும் இடத்தைத் தீர்மானித்தது. புதிய சட்டத்தின்படி நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலும் முறையிடலாம். ஆகவே சென்னையிலோ இணையத்திலோ திறன்பேசி வாங்கிய கோரிமேட்டு நுகர்வோர், புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம். எல்லைக்கு அப்பால் விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர், புதுச்சேரிக் கடையில் வாங்கியிருந்தால், தம் மாவட்ட ஆணையத்தையோ புதுச்சேரி ஆணையத்தையோ தேர்ந்தெடுக்கலாம்.

சான்றுகள்

விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, வாங்கியபோது வெளியான விளம்பரத்தின் படி, சேவை மையத்தின் எழுத்துவழி மறுப்பு, கருவி நனைந்த சூழலைக் காட்டும் படங்கள் ஆகியவை முதன்மைச் சான்றுகளாகும். வெளியாரிடம் கருவியைத் திறந்து பழுதுபார்த்தால், நீர் புகுந்த வழியைப் பின்னர் சோதித்து அறிவது கடினமாகிவிடும். வழக்கிற்கு முன்னர், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 வழியாக உடன்பாட்டிற்கு முயலலாம்.