பேயோட்டும் பட்டமும் பினாங்குக் குருமடமும்

1665-இல் சயாம் தேசத்து அயூத்தியாவில் தோன்றி, போராலும் துன்பத்தாலும் இடம்விட்டு இடம் பெயர்ந்து, 1808-இல் பினாங்குத் தீவை வந்தடைந்த கத்தோலிக்கப் பொதுக் குருமடத்தில் குருத்துவத்தை நாடிப் பயின்ற ஆசிய இளைஞர்கள் அக்காலத்தில் பெறவேண்டியிருந்த நான்கு சிறு பட்டங்களுள் பேயோட்டுவோர் பட்டமும் ஒன்றாகும். ஆயர் நீட்டும் பேயோட்டு ஜெபப் புத்தகத்தை வலக்கரத்தால் தொட்டு அப்பட்டத்தை ஏற்றாலும், அதனைப் பிரயோகிக்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்த்ததில்லை. ஆயரின் தனி அனுமதி பெற்ற குருவுக்கே அவ்வதிகாரம் உண்டு. 1972-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அப்பட்டத்தையே நீக்கிவிட்டார்.

பட்டம் போயிற்றே தவிர, பசாசைப் பற்றிய விசுவாசம் போகவில்லை. இறைவனால் நல்லவர்களாகவே சிருஷ்டிக்கப்பட்ட தேவதூதருள் சிலர் தம் சுய இச்சையால் கெட்டுப் பசாசுகளாயினர் என்பது 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் வகுத்த போதனை. ஆகவே பசாசு கடவுளுக்கு நிகரான எதிர்சக்தி அன்று, வரம்புக்குட்பட்ட வெறும் சிருஷ்டியே. புளியம்பட்டி அந்தோணியார் கோவிலில் தலைவிரித்தாடுவோரைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இந்நுட்பம் எளிதில் பிடிபடுவதில்லை.

பினாங்கு சாலையிலுள்ள புனித சவேரியார் ஆலயத்தில் கூடும் தமிழ்க் கத்தோலிக்கர், பாஸ்கா இரவில் எரியும் மெழுகுவர்த்தியைக் கையிலேந்திச் சாத்தானை விட்டுவிடுவதாக வாக்களிக்கின்றனர். பெரும்பாலோருக்குப் பேயோட்டுதல் அவ்வளவே. எஞ்சியோர் விஷயத்தில், நோயா பசாசா என்பதைக் குரு முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டுமென்றும், தேவையாயின் மருத்துவரையும் கலந்து ஆலோசிக்க வேண்டுமென்றும் 1999-இல் திருத்தி வெளியிடப்பட்ட சடங்குநூல் விதிக்கின்றது. என் மனத்துக்கு மிகவும் உகந்தது இவ்விதியே.