தில்லியிலிருந்து மும்பைக்கு: படி ஒன்றே, வாடகை வேறு

புதுதில்லி: தலைநகரிலிருந்து மும்பைக்கு இடமாற்றம் பெறும் மத்திய அரசு ஊழியருக்கு வாடகை உயர்கிறது, வீட்டு வாடகைப் படி உயர்வதில்லை.

50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் 'எக்ஸ்' பிரிவில் அடங்கும். தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத், புணே ஆகிய எட்டும் இதில் உள்ளன. 2024 ஜனவரி முதல் இவற்றுக்கான படி அடிப்படை ஊதியத்தில் 30 சதவீதம். ரூ.44,900 பெறுபவருக்கு ரூ.13,470 கிடைக்கும். கொல்கத்தாவிலும் இதே தொகை. மும்பையிலும் இதே தொகை.

தில்லியில் இரண்டு அறை வீட்டுக்குக் கொடுத்த வாடகையில், தென் மும்பையில் ஓர் அறை கிடைப்பதும் அரிது. எனவே கல்யாண், விரார் வரை குடும்பங்கள் விலகிச் செல்கின்றன. விராரிலிருந்து சர்ச்கேட் ஏறத்தாழ 60 கி.மீ. ரயில் கட்டணம் குறைவு. செலவாவது நாளின் சில மணி நேரம்.

தில்லியில் 2019-இல் தொடங்கிய 200 யூனிட் வரையிலான இலவச மின்சாரச் சலுகையும் மும்பையில் இல்லை. குளிர்காலத்துக்கான ரஜாய், ஹீட்டர் செலவு மிச்சம் என்பது ஓர் ஆறுதல்.

வாடகைக்கான படியை மக்கள்தொகையைக் கொண்டு நிர்ணயிப்பதே கோளாறின் வேர். 2025-இல் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைக்கப்பட்ட எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்பில் படிகளும் அடங்கும். தலைகளை எண்ணுவதை விடுத்து, நகரங்களின் உண்மையான வாடகையை அளந்து பரிந்துரைப்பதே நியாயமாகும்.