தனியாள் வரிசை

வரிசை என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக வாழ்ந்து வருவது. பண்டைத் தமிழர் 'வரிசை அறிதல்' என்றபோது, ஒருவருடைய தகுதியின் அளவைத் தெரிந்து அதற்கேற்பச் சிறப்புச் செய்தலையே கருதினர். வந்த புலவர்க்கெல்லாம் ஒரே வகையாக வாரி வழங்கும் மன்னனைக் காட்டிலும், இன்னார்க்கு இன்ன சிறப்பு எனத் தெரிந்து ஈயும் மன்னனே உயர்ந்தவனாகப் போற்றப்பட்டான். மணவீட்டில் 'சீர்வரிசை' என்று சொல்லும்பொழுது அப்பழம்பொருளின் நிழல் இன்றும் தோன்றுகின்றது.

ஆனால் மருத்துவமனை வாயிலிலும் சங்கக்கடை முற்றத்திலும் நாம் இன்று கூறும் வரிசை அதற்கு முற்றிலும் வேறானது. முன்வந்தவர் முன், பின்வந்தவர் பின். இங்கே ஒருவருடைய கல்வியையோ குலத்தையோ செல்வத்தையோ எவரும் கேட்பதில்லை. வந்த நேரம் ஒன்றையே கேட்கின்றனர். குடியாட்சிக் காலத்துக்கு இதனினும் ஏற்ற வரிசை வேறில்லை எனலாம். எனினும் இவ்வரிசைக்கும் ஒரு குறை உண்டு. அதனை நீக்குதற்கு உலகின் கேளிக்கைப் பூங்காக்களிற் கண்ட எளிய உபாயம் ஒன்றையும், அவ்வுபாயம் நமக்குப் புதியதன்று என்பதனையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்னாரும் காத்திருத்தலும்

மன்னார்த் தீவினர்க்குக் காத்திருத்தலைப் பற்றி எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆவணியில் மடுத் திருவிழா முடிந்தவுடன் காட்டு வழியே ஊர் திரும்புதற்கு எத்தனை ஆயிரவர் பஸ் வண்டிகளுக்குக் காத்து நிற்கின்றனர்! மகா சிவராத்திரி நாளில் திருக்கேதீச்சரத்திற் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் முகந்து, இறைவனுக்குத் தம் கையாலேயே நீராட்ட விழையும் அடியார் நிரை எவ்வளவு நீளம்! 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதையும் வாட்டிய எரிபொருட் பஞ்சத்திலோ, மண்ணெண்ணெய் இன்றிக் கடலிற் படகிறக்க மாட்டாத மீனவர் வெறுங்கலன்களை வரிசையாக வைத்துவிட்டு அவற்றின் அருகே நாட்கணக்கிற் கிடந்தனர். அவ்வாண்டு யூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்து, மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரம் 4 லீற்றர் எனப் பங்கு வகுக்கப்பட்ட பின்னரே நாடு சற்று மூச்சு விட்டது. ஆதலின் வரிசையைப் பற்றிப் பேசுதல் வெறும் பொழுதுபோக்கன்று. பசியையும் தொழிலையும் பற்றிப் பேசுதலேயாம்.

இம்மூன்று காட்சிகளுள் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காண்க. பாலாவியில் ஆளுக்கு ஒரு குடம். ஒருவர் நீராட்டி விலக, அடுத்தவர் வருகின்றார். அங்கே இடம் வீணாதற்கு வழியில்லை. எண்ணெய் வரிசையிலும் கலன் கலனாகவே ஊற்றப்படும். பஸ் வரிசை அத்தகையதன்று. அங்கே இருக்கைகள் தொகுதியாக உள்ளன. ஏறுவோரும் குடும்பம் குடும்பமாகவே வருகின்றனர். தொகுதியும் தொகுதியும் பொருந்தாதவிடத்து நடுவில் ஓரிடம் எஞ்சுகின்றது. நாம் கூறிய குறை இதுவே.

எஞ்சிய இருக்கை

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் கேளிக்கைப் பூங்காவை நம்மவர் பலர் கண்டிருப்பர். அங்கே 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' எனப்படும் சவாரி ஒன்று உண்டு. அதன் வண்டியிற் பன்னிருவர் அமரலாம். நிரைக்கு நால்வராக மூன்று நிரை. தந்தை, தாய், மகன் என மூவராக வந்த குடும்பம் ஒரு நிரையில் அமர்ந்தால், அந்நிரையில் ஓரிடம் காலியாகும். அடுத்த குடும்பமும் மூவராயின் அங்கும் ஓரிடம். 'நாங்கள் சேர்ந்தே இருப்போம்' என்பது அவர்கள் விருப்பம், அது பிழையுமன்று. ஆனால் வெளியே நூற்றுக்கணக்கானோர் கால்கடுக்க நிற்க, உள்ளே இருக்கைகள் வெறுமையாகச் சுழன்று வருகின்றன.

இதற்குப் பூங்காவினர் கண்ட உபாயம் வருமாறு. சவாரி வாயிலில் இன்னொரு சிறு வரிசையை அமைத்தனர். 'பிறரோடு சேர்ந்தே அமரவேண்டும் என்னும் விருப்பமில்லாதார் இங்கே நிற்க' என்றனர். வண்டி நிரப்பும் பணியாளர் காலியிடத்தைக் காணுந்தோறும் இவ்வரிசையிலிருந்து ஒருவரை அழைத்து அவ்விடத்தில் அமர்த்துகின்றார். இதுவே தனியாள் வரிசை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டிஸ்னி பூங்காவில், நிரைக்கு மூவராக அறுவர் அமரும் 'டெஸ்ட் டிராக்' என்னும் வண்டியிலும் இம்முறை உண்டு. பனிமலைகளிற் சறுக்கி விளையாடுவோரை மேலே ஏற்றிச் செல்லும் தொங்கு இருக்கைகளிலும் இவ்வழக்கம் காணப்படுகின்றது.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் தெளியலாம். நிமிடத்துக்கு இரண்டு வண்டி புறப்படுவதாகவும், வருவோரெல்லாம் மூவர் மூவராக வருவதாகவும் கொள்வோம். பன்னிரண்டு இருக்கையில் ஒன்பது நிறையும், மூன்று எஞ்சும். எனவே பொது வரிசையிலிருந்து நிமிடத்துக்கு 18 பேர் ஏறுவர். உமக்கு முன் 540 பேர் நின்றால் நீர் அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். எஞ்சிய இடங்களோ நிமிடத்துக்கு ஆறு. தனியாள் வரிசையில் 60 பேர் நின்றால், அங்கே பத்தே நிமிடம் போதும். பொது வரிசையில் நின்றவர்க்கு இதனால் ஒரு நிமிடமேனும் நட்டமுண்டா? இல்லை. முன்போலவே அவர்களுட் பதினெண்மர் நிமிடந்தோறும் ஏறுகின்றனர். அதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு: தனியாள் வரிசைக்குச் சென்ற அறுபதின்மரும் பொது வரிசையில் நின்றிருப்பின், அவ்வரிசை அந்த அளவுக்கு நீண்டிருக்குமன்றோ?

தமிழ் யாப்பைக் கற்றோர்க்கு இது வியப்பாகாது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் மூன்று சீர் முடிந்தபின் ஓரிடம் இருக்கும். அவ்விடத்தில் வந்து அமர்வதே தனிச்சொல். முன்னிரண்டு அடிகளோடு எதுகையால் உறவு பூண்டிருப்பினும், அது தனித்தே நிற்கின்றது. தனித்து நின்ற அச்சொல்லே முற்பாதியையும் பிற்பாதியையும் ஒரு பாட்டாகப் பிணைக்கின்றது. இடம் நிரப்பும் தனியாளை எளியவனென்று கருதற்க.

பந்தியில் ஓர் இலை

இம்முறையை மேல்நாட்டார் கண்டுபிடித்தனர் என்று கூறிவிட்டால் நம் பந்திகளுக்கு நாம் நியாயம் செய்தவராகோம். திருவிழாக் காலத்து மடங்களில் அன்னதானம் நடைபெறும்போது நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். இலைகள் போடப்பட்டுவிட்டன. பந்தி நிறைந்துவிட்டது, ஆனால் ஓர் ஓரத்தில் ஒற்றை இலை எஞ்சி நிற்கின்றது. வாயிலில் முதலாவதாக நிற்பது ஐவர் கொண்ட குடும்பம். தாய் பிள்ளைகளை விட்டு வரமாட்டாள்; பிள்ளைகள் தாயை விட்டு வரமாட்டார்கள். பந்தி விசாரிப்பவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஒராள்! தனிய வந்தவை ஆரும் இருக்கினமோ?" என்று உரக்கக் கூவுகின்றார். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் சால்வையை ஒதுக்கிக்கொண்டு வந்து அமர்கின்றார். அவர் முந்திவிட்டார் என்று எவரும் முணுமுணுப்பதில்லை. அந்த இலை வாடிப் போகாமல் ஒருவர் பசியாறினார் என்றே எல்லாரும் மகிழ்கின்றனர்.

இருக்கைக்கு மட்டும் ஆளேற்றும் வான்காரரும் இதனை அறிவர். புறப்படும் வேளையில் "ஒராளுக்கு இடமிருக்கு!" என்று அவர்கள் எழுப்பும் குரல், செந்தோசாத் தீவிற் பணியாளர் ஒரு விரல் காட்டி அழைக்கும் அழைப்பேயாகும். அவர்கள் அதற்கென ஒரு வாயில் அமைத்தனர். நாம் குரலாலே அமைத்தோம்.

பயன்படுத்தும் முறை

அயல்நாடு செல்லும் நம்மவர்க்கு உதவுமாறு சில குறிப்புக்களைச் சொல்லுதல் தகும். சிங்கப்பூரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது தம் குடும்பத்தின் ஏற்பாட்டை விளக்கினார். சிறு மகளும் தாயும் பொது வரிசையிற் செல்வர். அவரும் வளர்ந்த மகனும் தனியாள் வரிசையில் நின்று வெவ்வேறு வண்டியில் ஏறுவர். இறங்குமிடத்தில் நால்வரும் கூடுவர். கூடுமிடத்தை முன்னரே குறித்துக்கொள்வதுதான் இதிலுள்ள ஒரே சிரமம் என்றார்.

சிறு குழந்தைகளைத் தனியே அனுப்புதல் ஆகாது, பூங்காவினரும் இசையார். தனியாள் வரிசையிற் செல்வோர்க்கு இருக்கையைத் தெரிந்தெடுக்கும் உரிமையில்லை. 'நாம் இருவரும் ஒன்றாக' என்று கடைசி நேரத்தில் வேண்டுதலும் முறையன்று. பொது வரிசையார் கண்டு களிக்கும் முன்காட்சிகளும் அலங்காரக் கூடங்களும் சிலவிடங்களில் இவர்க்குக் கிடையா. ஆதலின் ஒரு சவாரியை முதன்முறை காண்போர் பொது வரிசையிற் செல்லுதலே நன்று.

இன்னுமொன்று. குறுகிய வரிசை என்று எல்லாரும் இங்கே திரண்டால் அதன் குறுமை போய்விடும். முற்கூறிய கணக்கில் 180 பேர் தனியாள் வரிசையில் நின்றால், அங்கும் காத்திருப்பு அரைமணியே. அதற்கு மேற்பட்டால் பொது வரிசையே விரைவானது. நிரையின் அளவும் குடும்பத்தின் அளவும் நன்கு பொருந்தும் நாளிலும் எஞ்சும் இடம் அருகும். எனவே நிற்போரின் தொகையை மட்டும் நோக்காது, வண்டிக்கு எத்தனை இடம் காலியாகின்றது என்பதனையும் நோக்குக. கோபனேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர் 1909இல் இத்தகைய கணக்கை ஒரு கலையாகத் தொடங்கிவைத்தார். காத்திருப்போர் தொகைக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை ஜோன் லிற்றில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவினார். ஆயினும் அன்றாட வாழ்வுக்குப் பந்தி விசாரிப்பவரின் கூர்மையே போதும்.

பணவரிசை வேறு

இப்பூங்காக்களிலேயே மற்றொரு விரைவு வழியும் உண்டு. மிகுதியான பணம் கொடுத்து விசேட அநுமதிச் சீட்டுப் பெற்றால் முன்னே செல்லலாம். நம் திருத்தலங்களும் இதற்கு விலக்கல்ல. திருமலையில் 300 ரூபாய்க் கட்டணத் தரிசனம் நடைபெறுவதை யாவரும் அறிவர். இதனையும் தனியாள் வரிசையையும் ஒன்றென மயங்குவோர் உளர். இரண்டும் வெவ்வேறு. பணவரிசையில் ஒருவர் முன்னே ஏறும்போது, அவர் ஏறிய இருக்கை பொது வரிசையில் நின்ற ஒருவருக்கு உரியது. அவருடைய நேரமே விலையாகின்றது. தனியாளோ எவரும் கொள்ள மாட்டாத இடத்தைக் கொள்கின்றார். முன்னது பிறர் இலையிலிருந்து அள்ளுவது. பின்னது எஞ்சிய இலையில் உண்பது. தகுதியால் அமைந்த பழைய வரிசை போய், வருகையால் அமைந்த புதிய வரிசை வந்தது நன்று. அதனைச் செல்வத்தால் அமையும் வரிசையாக்கிவிட்டால் நாம் ஏறிய படியிலிருந்து இறங்கியவராவோம்.

பிரிவின் எல்லை

எனினும் இம்முறையின் உயிர் ஒரு சொல்லில் இருக்கின்றது. அது இசைவு என்பது. பிரிந்து அமர இசைந்தோரை மட்டுமே தனியாள் வரிசை அழைக்கின்றது. இசைவின்றிப் பிரித்தலின் கொடுமையை எங்கள் தலைமன்னார்த் துறையைப்போல அறிந்த இடம் குறைவு. 1914 முதல் தனுக்கோடிக்கும், 1964 டிசம்பர்ப் புயல் அந்நகரை அழித்தபின் இராமேசுவரத்துக்கும் இத்துறையிலிருந்தே கப்பல் சென்றது. அதே 1964இல் செய்யப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தந்தைக்கு ஒரு நாடும் மகளுக்கு வேறொரு நாடும் வாய்த்த குடும்பங்கள் பல. தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்தோர், இத்துறையில் மூட்டை முடிச்சுக்களோடு வரிசையில் நின்று, 'இராமானுஜம்' என்னும் கப்பலில் ஏறுவோரும் கரையில் நிற்போருமாகப் பிரிந்தனர். அங்கும் இடங்கள் எண்ணப்பட்டன, ஆட்கள் எண்ணப்பட்டனர், கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் எவரும் அவர்களுடைய இசைவைக் கேட்டிலர். 1980களிற் போர் அக்கப்பலையும் நிறுத்திவிட்டது. 2015 முதல் புகைவண்டி மீண்டும் துறைவரை வருகின்றது. கடல் மட்டும் கடக்கப்படாமற் கிடக்கின்றது.

ஆகவே வெற்றிடத்தை நிரப்புதலே வரிசையின் முடிந்த பயன் என எண்ணற்க. சேர்ந்திருக்க விரும்புவோரைச் சேர்ந்திருக்க விடுதலும், தனித்துச் செல்ல இசைந்தோர்க்கு எஞ்சிய இடத்தை ஈதலும் ஆகிய இரண்டும் கூடியதே நல்வரிசை. மடுத் திருவிழாவில் வண்டி நிரப்புவோரும் மடங்களிற் பந்தி நடத்துவோரும் இதனை ஓர் ஒழுங்காகவே அமைத்தல் கூடும். தனியே வந்தோர் நிற்பதற்குப் பக்கத்தில் ஒரு சிறு நிழலும், காலியிடம் கண்டவுடன் அழைப்பதற்கு ஒருவருமே வேண்டுவன. திருவிழாவுக்குத் தனியே வருவோர் பெரும்பாலும் யார்? துணையிழந்த முதியோர், பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட தாய்மார். அத்தகைய தாய் ஒருத்தி நெடுவரிசையின் கடைசியில் நிற்க, ஒற்றை இருக்கையை வெறுமையாக விட்டுக் கடைசி வண்டி புறப்படுதல் நம் ஊருக்கு அழகன்று.